ஐந்து இலக்க எண்ணும் செயற்கை நுண்ணறிவும்: உங்கள் தொழில் எந்தத் துறை?

சிங்கப்பூரில் பதிவாகும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஐந்து இலக்க எண் உண்டு. நிறுவனத்தின் முக்கியத் தொழில் என்ன என்பதைக் காட்டும் எஸ்எஸ்ஐசி குறியீடு அது. பதிவு செய்யும் நாளில் தேர்ந்தெடுத்த எண்ணை உரிமையாளர்கள் பலர் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த எண்ணுக்குப் பண மதிப்பு உண்டு என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்தியது. கொவிட்-19 காலத்து வேலை ஆதரவுத் திட்டத்தின்கீழ், உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்குத் துறையைப் பொறுத்து 25, 50 அல்லது 75 விழுக்காடு வழங்கப்பட்டது. 2,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஊழியருக்கு ஒரு துறையில் 500 வெள்ளி, மற்றொரு துறையில் 1,500 வெள்ளி. எந்த நிறுவனம் எந்தத் துறை என்பதை முடிவு செய்ய உரிமங்களுடன் இந்தக் குறியீடும் பயன்பட்டது.

மலேசியாவிலும் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறையில் விற்பனையாளரின் எம்எஸ்ஐசி குறியீட்டைக் குறிப்பிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தொழில்கள் மாறும் வேகத்தில் பட்டியல்கள் மாறுவதில்லை. பல நாடுகள் பின்பற்றும் ஐநா வகைப்பாட்டின் நான்காம் திருத்தம் 2008ல் வெளிவந்தது. அடுத்த திருத்தத்துக்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. மளிகைக் கடையாகப் பதிவான நிறுவனம் இதற்குள் செயலிவழி உணவு விநியோகத்துக்கு மாறியிருக்கலாம். பதிவேட்டில் அது இன்னும் மளிகைக் கடைதான்.

இந்த இடைவெளியை நிரப்பவே செயற்கை நுண்ணறிவு முன்வைக்கப்படுகிறது. புதிய துறையைச் சேர்ந்த சில நிறுவனங்களை வல்லுநர்கள் முதலில் மாதிரியாகக் காட்டுகின்றனர். மற்ற நிறுவனங்களின் இணையத்தளங்களைப் படித்து, அவற்றை ஒத்தவற்றை இயந்திரம் கண்டுபிடிக்கிறது. ஒரே நிறுவனத்தை இரண்டு, மூன்று துறைகளிலும் சேர்க்க முடியும்.

பிரிட்டனில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. அங்குப் பயன்பாட்டில் இருந்த 2007ஆம் ஆண்டு வகைப்பாட்டில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிக் குறியீடு இல்லை. எனவே, அரசாங்கத்துக்காக மேற்கொள்ளப்பட்ட ஆய்வில் இணையத்தளங்களைப் படிக்கும் கணினி முறையும் கைகொடுத்தது. 2023 மார்ச்சில் வெளியான அந்த ஆய்வு, 3,170 நிறுவனங்களை அத்துறையில் அடையாளம் கண்டது. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த எண்ணிக்கை கிடைத்திருக்காது.

ஆயினும், இயந்திரம் படிப்பது நிறுவனம் தன்னைப் பற்றி எழுதியதைத்தான். பெரும்பாலும் அது விளம்பரம். பக்கத்துக்குப் பக்கம் ‘ஏஐ’ என்று எழுதும் நிறுவனம் அத்துறையில் எளிதாகச் சேர்ந்துவிடலாம்.

மறுபுறம், தேக்காவில் உள்ள சிறு கடைகளை எடுத்துக்கொள்வோம். இணையத்தளம் இல்லாமல் ஃபேஸ்புக் பக்கத்தையும் வாட்ஸ்அப் எண்ணையும் வைத்து வியாபாரம் செய்பவர்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்து விளம்பரம் செய்பவர்கள் இயந்திரத்தின் கண்ணில் படாமலேயே போகக்கூடும். உண்மையில் புதிய தொழிலுக்கு மாறியிருந்தாலும் கணக்கில் வரமாட்டார்கள்.

ஒரு துறையில் எத்தனை நிறுவனங்கள் உள்ளன என்று கணக்கிடும்போது இத்தகைய சில பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மானியமோ கடனோ யாருக்கு என்று முடிவு செய்யும்போது ஒரு பிழைகூட ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பாதிக்கும்.

எனவே, இத்தகைய முறை உதவித் திட்டங்களுக்குப் பயன்படுமானால் மூன்று ஏற்பாடுகள் அவசியம். எந்தத் துறையில் சேர்க்கப்பட்டுள்ளோம் என்பது உரிமையாளருக்குத் தெரிய வேண்டும். அதற்கான காரணம் சொல்லப்பட வேண்டும். தவறென்றால் மேல்முறையீட்டை ஒரு மனிதர் பரிசீலிக்க வேண்டும்.

அதுவரை உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிஸ்ஃபைல் தளத்தில் தங்கள் குறியீடு இன்றைய தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதே திருத்திக்கொள்வது. நெருக்கடி வந்த பிறகு திருத்த முயன்றால் காலம் கடந்திருக்கும்.