கைநாட்டு யாருடையது?

அண்மையில் காத்தான்குடியில் எமது அங்கத்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். தென்னந்தோட்டத்தில் தேங்காய் பறித்தவர். மரத்தால் விழுந்து தலையில் அடிபட்டு ஒரு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். மனைவி மக்களை அடையாளம் தெரியும். காசு, கணக்கு, கடதாசி எதுவும் விளங்காது. வங்கிப் புத்தகமும் ஊழியர் சேமலாப நிதியும் அவர் பெயரில் இருக்கின்றன. "விரலில மைய பூசி வெச்சா காரியம் முடிஞ்சிடும்" என்று பலர் அவரின் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சகோதரி எம்மிடம் கேட்டார்: "அவருக்கு விளங்காத கடதாசியில அவர்ர விரலப் புடிச்சி வெச்சா, அது அவர்ர கைநாட்டாகுமா?"

ஆகாது. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மலையகத்து லயங்களிலும் இதே கதை நடக்கிறது. பாரிசவாதத்தில் விழுந்த அப்பாவின் பணத்தை எடுக்கவும், ஞாபகமறதி வந்த அம்மாவின் பெயரில் உள்ள காணியை மாற்றவும் விரல்கள் பிடிக்கப்படுகின்றன. பசியும் மருந்துச் செலவும்தான் பெரும்பாலான குடும்பங்களை இதற்குத் தள்ளுகின்றன. ஆனால் அப்படி எழுதிய கடதாசி பின்னொரு நாள் நீதிமன்றத்தில் நிற்காது. வைப்பித்தவர்கள் மீது மோசடி வழக்கும் வரலாம்.

மூன்று தவறான நம்பிக்கைகளை முதலில் களைவோம். ஒன்று, மனைவி அல்லது மூத்த பிள்ளை என்பதாலேயே வளர்ந்த ஒருவரின் சொத்தைக் கையாளும் அதிகாரம் கிடைத்துவிடாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் 18 வயதானால் சட்டப்படி அவர் பராயமடைந்தவரே. இரண்டு, சேமலாப நிதிப் பத்திரத்தில் பெயர் குறிக்கப்பட்டவருக்கு அங்கத்தவர் இறந்த பின்னரே பணம் உரித்தாகும். மூன்று, அற்றோர்னித் தத்துவம் கொடுப்பவருக்குச் சுயநினைவும் விளக்கமும் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். அவர் அந்தத் திறனை இழந்தால் அதுவும் வலுவிழந்துவிடும்.

அப்படியானால் வழி என்ன? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைப்படி உறவினர் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். காத்தான்குடியில் உள்ளவர்களுக்கு அது மட்டக்களப்பில் இருக்கிறது. காதி நீதிமன்றம் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு ஆகியவற்றைப் பார்க்கும். இது அதன் வேலையல்ல. மாவட்ட நீதிமன்றம் மருத்துவச் சாட்சியத்தைக் கேட்டு விசாரிக்கும். தன் அலுவலைத் தானே நடத்த முடியாதவர் என்று கண்டால், அவரைப் பராமரிக்க ஒரு பாதுகாவலரையும் சொத்தைக் கவனிக்க ஒரு முகாமையாளரையும் நியமிக்கும். முகாமையாளர் சொத்தின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதன் அனுமதியின்றிக் காணி, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நோயாளி தேறிவந்தால் தன் சொத்தைத் திரும்பத் தன் பொறுப்பில் எடுக்கலாம்.

காத்தான்குடியில் வீடுகள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகின்றன. ஆகவே உறுதி பெண்களின் பெயரிலேயே இருக்கும். வயதான உம்மாவின் நினைவு தவறும்போது ஆபத்துக்குள்ளாவது அவர் குடியிருக்கும் வீடே. நீதிமன்றத்தின் கண்காணிப்பு அவருக்கு ஒரு வேலி.

அதேவேளை எல்லோருக்கும் பாதுகாவலர் தேவையில்லை. பேச்சுப் போனால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. எழுத வாசிக்கத் தெரியாதவரும் பார்வையற்றவரும், வாசித்து விளக்கப்பட்ட பின் விருப்பத்தோடு வைக்கும் கைநாட்டு செல்லும். தலையசைத்தாவது "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவரின் சொல்லை வீட்டார் முதலில் மதிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. மனிதரைச் "சித்தசுவாதீனமற்றவர்" என்று ஒரே முத்திரை குத்துகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஒருவரின் இடத்தில் நின்று தீர்மானிப்பதைவிட, அவரே தீர்மானிக்கத் துணை நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் அதற்கேற்ப மாற வேண்டும். நாட்சம்பளக்காரர் ஒரு நாள் வேலையை இழக்காமல் ஏறக்கூடிய படியாக நீதிமன்றப் படி இருக்க வேண்டும். இவை எமது கோரிக்கைகள்.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. வழக்குக்கு வசதியில்லாதவர்கள் 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று மருத்துவர் உறுதிப்படுத்தினால், ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 என்ற வயது வருமுன்னரே சேமலாப நிதியைக் கோரலாம். வேலையில் காயப்பட்டவர்கள் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்.

அந்தச் சகோதரி கைநாட்டு வைப்பிக்கவில்லை. மருத்துவ அறிக்கைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மாவட்ட நீதிமன்றத்துக்கு அவரோடு நாமும் போவோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், யாராவது மைப்பெட்டியோடு வருமுன் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். உழைத்துக் காய்த்துப்போன அந்த விரலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இது.