நள்ளிரவில் வெயில் காயும் ஊர்

நார்வே தேசத்தின் வடபாகத்தில், துருவ வட்டத்துக்கும் அப்பால் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில், டிராம்ஸோ என்னும் பட்டணம் ஒரு சிறு தீவின் மேல் அமைந்திருக்கிறது. இவ்வளவு வடக்கே இருந்தும் அதன் துறைமுகத்துக் கடல் குளிர்காலத்தில் உறைவதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதே காரணம்.

அங்கே செல்வதற்கு உகந்த பருவம் எது என்று கேட்டால், சட்டென்று விடை கூறுவது கடினம்.

நவம்பர்க் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி மத்தி வரையில் தலைகாட்டுவதில்லை. அதற்காக, எந்நேரமும் காரிருள் என்று எண்ணிவிடலாகாது. நண்பகலில் சில மணி நேரம் நீலநிறமான மங்கல் ஒளி பரவும். பனி மூடிய மலைகள் அந்த நீலத்தில் தோய்ந்து நிற்கும். மேகமற்ற இரவுகளில் வானத்திலே பச்சை நிறத் துருவ ஜோதி நடனமாடும். பிரயாணிகள் வருவது அந்த ஜோதிக்காக. ஊரார் காத்திருப்பதோ சூரியனுக்காக! கதிரவன் திரும்பிய பின்பும் மலைகள் சில தினங்கள் மறைத்து நிற்பதால், ஜனவரி 21-ந் தேதியையே சூரிய தினமாகக் கொண்டாடி, அதற்கென்றே செய்த இனிப்பு ரொட்டியைத் தின்று மகிழ்கிறார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை தெரிய வேண்டுமானால் அன்றைய தினம் அங்கே இருக்க வேண்டும்.

வசந்தம் பெயரளவில்தான். 1997-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி 240 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி கிடந்ததாம்! இலையுதிர் காலத்தைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. செப்டம்பரில் இலைகள் பொன்னிறம் பெறும், அவ்வளவே.

மே மாதப் பிற்பகுதியிலிருந்து இரண்டு மாத காலம் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் 1940-ம் வருஷத்தில் அந்த வெளிச்சமே பெரும் அபாயமாயிற்று. ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நார்வேயின் மீது பாய்ந்தன. மன்னர் ஏழாம் ஹாகோனும் மந்திரிகளும் வடக்கே ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் டிராம்ஸோப் பிரதேசத்தை வந்தடைந்தனர். ஜூன் 7-ந் தேதி அத்துறைமுகத்தில் 'டெவன்ஷயர்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறித் தாய்நாட்டை விட்டு அகன்றனர். சத்துருவின் கண்ணுக்குத் தப்பிச் செல்ல ஓர் இருட்டு இரவு கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஸ்வீடனுடன் இருந்த பிணைப்பை அறுத்துக்கொள்வதாக நார்வேயின் பார்லிமெண்டு 1905-ல் பிரகடனம் செய்ததும் ஒரு ஜூன் 7-ந் தேதிதான். 1945-ல் அதே தேதியன்று, விடுதலை பெற்ற ஆஸ்லோ நகரத்தில் மன்னர் மீண்டும் கரையேறினார்.