பூட்டுப் போடாமலே மூடப்படும் போலீஸ் ஸ்டேஷன்கள்: திருச்சுழி பக்கம் என்ன சிக்கல்?

திருச்சுழி தாலுகாவின் உள்கிராமம் ஒன்றில் ராத்திரி பத்து மணிக்கு அடிதடி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி பஸ் போயாச்சு. பைக் இருக்கிற வீட்டைத் தேடிப்பிடித்து, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்த ரோட்டில் பரளச்சிக்கோ, அ.முக்குளத்துக்கோ, எம்.ரெட்டியபட்டிக்கோ போக வேண்டும். போன இடத்தில், ‘இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க’ என்று சொல்லிவிட்டால்? ‘விடியட்டும், பாத்துக்கலாம்’ என்று திரும்பிவிடுவார்கள். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். அரசுக் கணக்கில் அந்த ராத்திரி எதுவுமே நடக்கவில்லை.

கிராமப்புற ஸ்டேஷன்களைப் பற்றிய விவாதம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ‘கேஸே வராத ஊருக்கு எதுக்கு ஸ்டேஷன்? பக்கத்து ஸ்டேஷனோடு சேர்த்தால் ஆள் மிச்சம், செலவு மிச்சம்’ என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ் குறைவு என்பதும் குற்றம் குறைவு என்பதும் ஒன்றல்ல.

லண்டன் கற்றுக்கொண்ட பாடம்

செலவைக் குறைக்க ஸ்டேஷன்களை மூடிப் பார்த்த ஊர் லண்டன். 2013-ல் ஒரு சுற்று மூடினார்கள். 2017-ல், 32 பரோக்களுக்கும் தலா ஒரே ஒரு 24 மணி நேர கவுன்ட்டர் போதும் என்று முடிவெடுத்தார்கள். இதன் விளைவை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் எலிசா ஃபக்கெட்டி, ஸ்டேஷன் மூடப்பட்ட பகுதிகளில் வன்முறைக் குற்றங்கள் கூடியதையும், துப்பு துலங்கும் வழக்குகள் குறைந்ததையும் கண்டறிந்தார். ஸ்டேஷன் தூரமானதும் மக்கள் சின்னக் குற்றங்களைப் புகார் செய்வதையே குறைத்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு முடிவு.

தெருவுக்குத் தெரு பஸ்ஸும் ரயிலும் ஓடும் ஊரிலேயே இப்படி என்றால், நரிக்குடி பக்கம் ஆடு திருட்டுப் போன ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவாரா?

இங்கே நடப்பது வேறு மாதிரி மூடல்

லண்டன் மாதிரி கூண்டோடு மூடும் நிலை தமிழ்நாட்டில் இல்லை. இங்கே ஸ்டேஷன் திறந்தே இருக்கும், உள்ளே ஆள்தான் இருக்காது.

மாவட்ட எல்லையைத் தாண்டினால் கமுதி, பசும்பொன், பரமக்குடி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் போலீஸ் குவிக்கப்படும். 1957 முதுகுளத்தூர் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத பகுதி இது என்பதால் அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் பந்தோபஸ்துக்கு ஆள் போன பிறகு, உள்ளூர் ஸ்டேஷனில் புகார் வாங்க, ஸ்பாட்டுக்குப் போக யார் மிச்சம்? கோயில் திருவிழா, வி.ஐ.பி. வருகை, தேர்தல் என்று இந்தக் கணக்கு வருஷம் முழுக்க ஓடும்.

இரண்டாவது மூடல், ரசீது வழியாக நடப்பது. புகார் கொடுத்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

‘எங்க லிமிட் இல்ல’ என்ற பதிலும் இனி செல்லாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பது இதுதான். ஆன்லைனிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஆப் இருந்தால் போதாதா?

112 இருக்கிறது, ‘காவல் உதவி’ ஆப் இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் போனை எடுத்தவர் அனுப்பும் வண்டி எங்கிருந்தோ கிளம்பி வர வேண்டும். பக்கத்தில் ஸ்டேஷனும் அதில் ஆளும் இல்லாவிட்டால் ஆப்பில் வெறும் டோக்கன்தான் கிடைக்கும்.

அதே நேரம், ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. பொதுமக்களைக் காவல்துறையோடு சேர்க்கும் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ திட்டம், 1993-ல் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி.பிலிப் தொடங்கியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு, அடுத்த மாதமே தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தார். ஸ்டேஷனைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற மக்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

2024 செப்டம்பரில் ஒரு கொலைக்கு நியாயம் கேட்டு அருப்புக்கோட்டையில் நடந்த மறியலில், பெண் டி.எஸ்.பி.யின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தாக்கினார்கள். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ஒரு சாவு விழுந்ததும் சொந்தக்காரர்கள் ஸ்டேஷனை நம்பாமல் ரோட்டை நம்புவது ஏன் என்ற கேள்வியை அந்த வழக்கோடு மூடிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

ஜப்பானில் கிராமங்களுக்கு ‘சூசைஷோ’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே ஒரு போலீஸ்காரர், குடும்பத்தோடு அந்த ஊரிலேயே தங்கி வேலை பார்ப்பார். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. குறிப்பாக, சாதிப் பிளவு உள்ள ஊரில் யார் வீட்டுப் பக்கம் தங்குகிறார் என்பதே பிரச்சினையாகும். ஆனால் ஊரை முகம் தெரிந்த ஒரு போலீஸ், ஊருக்கு முகம் தெரிந்த ஒரு போலீஸ் என்ற யோசனை இங்கேயும் பொருந்தும்.

மூன்று விஷயங்களை உடனே செய்யலாம். எந்த பந்தோபஸ்து வந்தாலும் ஸ்டேஷனை விட்டு எடுக்கக் கூடாத குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். எத்தனை, அதில் எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை என்று ஸ்டேஷன்வாரியாக வெளியிட வேண்டும். இணைப்பு, இடமாற்றம் பற்றி முடிவெடுக்கும்போது கேஸ் எண்ணிக்கையோடு கடைசி பஸ் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சென்னையில் ஒரு ஸ்டேஷனில் புகார் எடுபடாவிட்டால் வக்கீல், மீடியா, கமிஷனர் ஆபீஸ் என்று வேறு கதவுகள் உண்டு. அ.முக்குளம் பக்கத்து விவசாயக் கூலிக்கு இருக்கும் ஒரே கதவு அந்த ஸ்டேஷன்தான். அதில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால், அதை மூடுவது பற்றி யோசிக்கும் முன், மக்கள் ஏன் அங்கே வருவதில்லை என்று கேட்க வேண்டும்.