மைண்ட் மேப் வரைகிற பிள்ளை வாக்கியம் சொல்லுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே விளம்பரம் சுற்றிச் சுற்றி வருகிறது. மைண்ட் மேப் கற்றுக்கொண்டால் ஒரு தடவை படித்ததே மறக்காதாம், வலது மூளை விழித்துக்கொள்ளுமாம். பத்து நாள் வகுப்பு, அதற்கு ஒரு கட்டணம். கூடவே எல்லாப் பாடத்துக்கும் அச்சடித்த வண்ணப் படங்கள், அதற்குத் தனிக் கட்டணம். "டீச்சர், பையனைச் சேர்க்கலாமா?" என்று சிலர் கேட்டீர்கள். "அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தனியாகக் கேட்டவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: காசைக் கொடுக்காதீர்கள்.

மைண்ட் மேப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. அது நமக்குப் புதிதும் இல்லை. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்த காலத்தில் படித்தவர்களுக்கு 'மனவரைபடம்' நினைவிருக்கும். பாடத்தைப் படிப்பீர்கள், நடுவில் தலைப்பு எழுதிக் கிளை கிளையாக வரைவீர்கள், குழுவாக உட்கார்ந்து ஒப்பிடுவீர்கள். அதற்கு அடுத்த படி ஒன்று இருந்ததே, அதன் பெயர் தொகுத்தல். வரைந்ததை வாக்கியமாக்கி, எழுந்து நின்று சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் அந்த முறையின் உயிரே அங்கேதான் இருந்தது. ஆனால் பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் கண்ணில் படுவது படம்தான். சுவரில் தொங்குவதும் அதுதான். பிள்ளை சொல்லும் வாக்கியத்தைக் கேட்கப் பொறுமையாக உட்கார வேண்டும், அதற்கு யாருக்கும் நேரம் இல்லை. அதனால் பல இடங்களில் படம் நின்றது, தொகுத்தல் போய்விட்டது. இன்று விற்பனைக்கு வருவதும் அந்தத் தொகுத்தல் இல்லாத படம்தான்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். மைண்ட் மேப்பைப் பிரபலமாக்கியவர் டோனி புசான் என்ற ஆங்கிலேயர். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் இதைப் பற்றித் தொடரே நடத்தினார். அவர் வைத்த விதிகளில் ஒன்று, ஒரு கிளைக்கு ஒரே சொல். இந்த விதியைத் தமிழ்ப் பிள்ளையிடம் அப்படியே கொடுத்துப் பாருங்கள். பாம்பு, கீரி, கொன்றது என்று மூன்று கிளை. யார் யாரைக் கொன்றது? 'பாம்பை' என்று ஓர் ஐ போட்டால் ஒரு கதை, 'கீரியை' என்று போட்டால் வேறு கதை. நம் மொழியில் ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் உள்ள உறவு வேற்றுமை உருபிலும் வினைமுற்றிலும்தான் இருக்கிறது. ஒற்றைச் சொல்லாக வெட்டும்போது முதலில் உதிர்வது அந்த உருபுதான்.

அறிவியலுக்கு வாருங்கள். நடுவில் ஒளிச்சேர்க்கை. சுற்றிலும் சூரிய ஒளி, நீர், பச்சையம், கார்பன் டை ஆக்சைடு, ஸ்டார்ச், ஆக்சிஜன். பச்சைக் கலர், மஞ்சள் கலர், பார்க்க அழகாக இருக்கும். இதை வரைந்த பிள்ளையிடம், "ஆக்சிஜன் இலைக்குள்ளே போகுதா, வெளியே வருதா?" என்று கேளுங்கள். முழிக்கும். ஏனென்றால் படத்தில் ஆறும் ஒரே மாதிரிதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியைக் கொண்டு நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து உணவு தயாரிக்கிறது, ஆக்சிஜனை வெளிவிடுகிறது' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பாடம் தெரியும்.

சமூக அறிவியலும் அப்படியே. 1806 வேலூர்ப் புரட்சி என்று நடுவில் போட்டு, புதிய தலைப்பாகை, திப்புவின் மகன்கள், ஜூலை 10, ஆற்காடு, கில்லஸ்பி, பெண்டிங் என்று சுற்றி எழுதலாம். ஆனால் எது முன்னால், எது பின்னால்? எதனால் எது நடந்தது? தலைப்பாகை உத்தரவு மனக்கசப்பைக் கிளப்பியது, கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி படையோடு வந்து அடக்கினார், பின்னால் ஆளுநர் பெண்டிங் திரும்ப அழைக்கப்பட்டார். இது வரிசை. வட்டமாக எழுதினால் அந்த வரிசை காணாமல் போகும்.

எங்கே படம் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். வகை பிரிக்கிற இடத்தில் பொருந்தும். பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறு என்பதைக் கிளையாகத்தான் கரும்பலகையில் போட்டோம், காலம் காலமாகப் போட்டோம். கட்டுரை எழுதும் முன் குறிப்புச் சட்டகம் போடவும் பொருந்தும். ஆண்டுத் தேர்வுக்கு முன் ஒரு பாடத்தை ஒரே பக்கத்தில் பார்க்கவும் உதவும்.

அச்சடித்த படத்தை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அடுத்தவர் சாப்பிட்டால் நம் வயிறு நிறையுமா? படிக்கிறவர் தானே வரைய வேண்டும் என்பதுதான் புசான் சொன்னதும். அதை மறைத்துவிட்டுத்தான் படத்தை விற்கிறார்கள். வலது மூளை என்பதும் சும்மா பேச்சு. எந்தப் பாடம் படித்தாலும் மூளையின் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

ஆய்வு என்ன சொல்கிறது? 2011-இல் சயன்ஸ் ஆய்விதழில், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக்கும் பிளண்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தார்கள். அது மைண்ட் மேப்புக்குப் பங்காளி முறை. இன்னொரு குழு பாடத்தைப் படித்து, மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினார்கள். மறுபடி படித்து, மறுபடி எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், மூடி வைத்து எழுதியவர்களே முன்னால் நின்றார்கள். நினைவிலிருந்து வரைபடம் வரையச் சொன்னபோதும் அவர்கள்தான் முன்னால்! ஆனால் படித்த கையோடு மாணவர்களைக் கேட்டபோது, நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் குழுவுக்குத்தான் குறைவாக இருந்தது. பிள்ளைக்கு 'புரிஞ்ச மாதிரி' இருப்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது என்பதற்கு இது போதாதா?

சரி, வீட்டில் என்ன செய்வது? செலவில்லாத வழி இதோ:

1. ஒரு பகுதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். முழுப் பாடமும் வேண்டாம்.

2. புத்தகத்தை மூடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நினைவில் இருப்பதைப் பென்சிலால் கிளையாக வரையட்டும். பத்து நிமிடம்.

4. புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். கலர் பென்சிலுக்கு இங்கேதான் வேலை. எது தெரியவில்லை என்று அந்த நிறம் காட்டிக்கொடுக்கும்.

5. ஒவ்வொரு கிளையையும் விரலால் தொட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லட்டும். எழுவாய், பயனிலை, உருபு எல்லாம் வர வேண்டும்.

6. இரண்டு நாள் கழித்து வெறுந்தாளில் மறுபடி.

இந்த ஐந்தாவது படிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தப் பிள்ளை வரைந்த படம் சரியா தவறா என்று அதன் அம்மாவால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை வாய் திறந்து சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். "அப்புறம் என்னாச்சு? அது ஏன் அப்படி?" என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்குச் சமமான பயிற்சி வகுப்பு எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு நெடுவினா எழுதவும், நேர்முகத் தேர்வில் பேசவும், நாளைக்கு ஓர் அலுவலகத்தில் தன் நியாயத்தை எடுத்துச் சொல்லவும் வாக்கியம்தான் வேண்டும். வண்ணப் படத்தை நீட்டி யாரும் நியாயம் கேட்க முடியாது.

ஆகவே, அந்த விளம்பரத்தை இனி குழுவில் போடாதீர்கள். பிள்ளைகள் காலண்டர் தாளில் வரைந்ததைப் போடுங்கள், பார்க்கிறேன். கூடவே பிள்ளை அதைச் சொல்கிற குரல் பதிவையும் அனுப்புங்கள். அதைக் கேட்காமல் நான் மதிப்பெண் போட மாட்டேன்!

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். முழு வாக்கியமாக.

அன்புடன்,
உங்கள் டீச்சர்