ஆயாக் கொட்டகையும் பாதித் தட்டு காய்கறியும்

வேலைக்குப் போகும் அம்மாக்களை வானொலிக்கு அழைத்துப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "வேலை, வீடு, பிள்ளைங்க, சமையல்... எல்லாத்தையும் எப்படிங்க சமாளிக்கிறீங்க?" பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விடியுமுன் எழுந்துகொள்வேன், முதல் நாள் இரவே திட்டமிடுவேன், தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன் என்பார்கள். கேட்கும் நாமும் "என்ன திறமை!" என்று பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

காலை நிகழ்ச்சி செய்கிறவள் என்பதால் விடியுமுன் எழுவது எனக்கும் பழக்கம்தான். ஆனால் சமாளிப்பதை ஒரு பெண்ணின் தனித் திறமையாக மட்டும் பேசுவது சரிதானா என்ற சந்தேகம் எனக்குக் கேமரன் மலையில் வந்தது.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லாரையும் போல தேயிலைச் சரிவுகளில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம், 1933இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டம் ஆகியவற்றின் பச்சைச் சரிவுகளை அறியாத மலேசியர் குறைவு. அந்தச் சரிவுகளில் முதுகில் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்ப் பெண்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கத்தரிகளையும் இயந்திரங்களையும் கொண்டு செய்கிறார்கள்.

தானா ராத்தாவில் பசியாறப் போன கடையில், பக்கத்து மேசைப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். நான்கு பிள்ளைகள் என்றார். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்படிப் பாட்டி வேலைக்குப் போனீங்க?"

"ஆயாக் கொட்டகை இருந்துச்சேம்மா. புள்ளைய அங்க விட்டுட்டுப் பெரட்டுக்குப் போயிருவோம். வேலை முடிஞ்சு வந்து தூக்கிக்குவோம்." தேநீரை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "உங்க ஆபீசுல ஆயாக் கொட்டகை எங்கம்மா இருக்கு?"

நாம் "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்கிறோம். அவரோ "எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார். இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன்.

நகரத்தில் பிறந்து வளர்ந்த இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தோட்டத்தில் அதிகாலையில் தொழிலாளர்கள் கூடி, பேர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்வதே பெரட்டு. அம்மாக்கள் பெரட்டுக்குப் போகும் முன் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயாக் கொட்டகை. அங்கே வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலேயே உள்ள ஒரு பெண் ஆயாவாக இருப்பார். ரப்பர்த் தோட்டங்களிலும் இதே ஏற்பாடு இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தொட்டிலில் ஆடியவர்கள் பலர் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள்.

தமிழர்கள் தோட்ட வேலைக்குப் போன மற்ற மலைகளிலும் இது உண்டு. இலங்கை மலையகத்தில் இதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்களின் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறித்த பெண்களுக்கு இது சட்டப்படி கிடைக்க வேண்டிய வசதி. அதே நாட்டில், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் அலுவலகங்களிலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று சட்டம் வந்தது 2017இல்தான். தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட ஒன்றை அலுவலகப் பெண்ணுக்கும் ஒப்புக்கொள்ள 66 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

நம் நாட்டுக்கு வருவோம். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. அதன் நோக்கத்தைச் சொல்லும் முதல் வரிகளிலேயே இரண்டு விஷயங்கள் இடம்பெற்றன. ஒன்று, பிள்ளைக் காப்பகம். மற்றொன்று, குடியிருப்பு வழங்கப்பட்ட தொழிலாளர்கள் பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம். அதாவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், கீரை காய்கறிக்கு ஒரு துண்டு நிலம். வேலைக்குப் போகும் குடும்பம் நல்லபடியாகச் சாப்பிட்டு வாழ இந்த இரண்டும் தேவை என்பதைச் சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

தோட்ட வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு. அட்டைக்கடியும் மழையும் குளிரும் உண்டு. கொட்டகைகள் எல்லா இடங்களிலும் நல்ல நிலையில் இருந்ததும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் லயத்து வீட்டு அம்மாவுக்கும் இருந்தது. முதலாளிகளும் கருணையால் மட்டும் கொட்டகை கட்டவில்லை. கொழுந்தை அதற்குரிய நாளில் பறிக்காவிட்டால் முற்றிவிடும், பறிக்கப் பெண்களின் கை தேவைப்பட்டது. ஆனாலும், அம்மா வேலைக்கு வர வேண்டுமென்றால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்ற எளிய கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நாம் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோம். படித்தோம், நல்ல வேலைகளுக்குப் போனோம். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வரும் வழியில் ஆயாக் கொட்டகையும் வீட்டோரத்துக் கீரைப் பாத்தியும் நின்றுவிட்டன. அவற்றின் இடத்தில் அலுவலகமோ அரசாங்கமோ வேறு எதையும் முழுமையாக வைக்கவில்லை. காலியான இடத்தை அம்மாவின் தூக்கமும், அம்மாவின் சாப்பாட்டு நேரமும், அம்மாவின் குற்ற உணர்ச்சியும்தான் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

அதன் விளைவு தட்டில் தெரிகிறது. காலையில் நெரிசலில் நின்றபடி காரிலேயே ஒரு பொட்டலம் நாசி லெமாக். மாலையில் களைத்து வரும்போது வழியில் வாங்கிய மீ கோரேங். நடுநடுவே டின் பால் ஊற்றிய தே தாரிக். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. அதே ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் போதுமான காய்கறி, பழங்கள் சாப்பிடுவதில்லை என்பதும் தெரியவந்தது. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் லாரி லாரியாக இறங்கி வரும் நாட்டில் இந்த நிலை!

சரி, என்ன செய்யலாம்? முதலில், இருக்கும் உரிமைகளைத் தெரிந்துகொள்வோம்.

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. திருமணமான தந்தைக்கு 7 நாள் விடுப்பு உண்டு. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவற்றோடு, பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் வாய்மொழியாகக் கேட்டுத் தயங்கி நிற்பதற்கும், சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இந்த உரிமை அப்பாக்களுக்கும் உண்டு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர அப்பாவும் விண்ணப்பிக்கலாமே?

அடுத்தது பிள்ளைப் பராமரிப்பு. தாஸ்கா எனப்படும் பராமரிப்பு நிலையங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவை. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், 1 முதல் 3 வயது வரை 5 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி. இடம் பார்க்கப் போகும்போது பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், தலைகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு என்ன உணவு தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 6 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்புக் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி சமையலறை. இங்கும் பாட்டி சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மலையில் பருப்பு சீக்கிரம் வேகாதாம், அதனால் இரவே ஊற வைத்துவிடுவார்களாம். அதில் அறிவியல் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் பருப்பு மெல்லத்தான் வேகும். நமக்கு மலை இல்லை, நேரம்தான் இல்லை. ஆனால் வழி அதேதான். கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, காராமணி என ஏதாவது ஒன்றை இரவில் ஊற வைத்தால், மறுநாள் குக்கரில் சில விசில்களில் ஒரு வேளை உணவு தயார். வார இறுதியில் கொஞ்சம் கூடுதலாக வேக வைத்து, பங்கு பிரித்து உறைய வைத்தால் வாரத்தில் இரண்டு நாள் பொட்டலச் சாப்பாட்டைத் தவிர்க்கலாம்.

அளவுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கு போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறி, பழம். நம் சமையலுக்கு இது புதிது அல்ல. முட்டைக்கோஸ் பொரியல், கீரைக் கடைசல், பீன்ஸ் பிரட்டல் எல்லாம் நம்முடையவைதானே. சோற்றையும் பொரியலையும் இடம் மாற்றினால் போதும். தே தாரிக்கைத் தே ஓ கோசோங் ஆக மாற்ற முடியாதவர்கள் சீனியை வாரம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

இதையெல்லாம் அம்மா ஒருவரே செய்ய வேண்டும் என்றால் பழைய கதைதான். காய் நறுக்குவது ஒருவர், பாத்திரம் கழுவுவது ஒருவர், மறுநாள் டப்பாவை அடுக்குவது ஒருவர் என்று வேலையைப் பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். தோட்டத்தில் பெரட்டு இருந்ததே, அதுபோல வீட்டிலும் ஒரு சின்னப் பெரட்டு. எட்டு வயதுப் பிள்ளை கீரை ஆயலாம். கணவர் 'உதவி' செய்கிறார் என்ற சொல்லை விட்டுவிடலாம், அது அவருடைய வீடும்தான்.

இன்னொன்று. ஒரு வேளையாவது அம்மாவும் எல்லாரோடும் உட்கார்ந்து, தன் தட்டிலும் அதே பாதிக் காய்கறியை வைத்துச் சாப்பிட வேண்டும். மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவைப் பார்த்து வளரும் பெண் பிள்ளை, நாளை தானும் அதையே செய்வாள். பையனோ, தன் மனைவியும் அப்படித்தான் சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொள்வான்.

உங்கள் அலுவலகத்தில் சிறு பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர் என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் தேறினாலே சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம். வளாகத்திலேயே ஓர் அறை, அல்லது பக்கத்துத் தாஸ்காவோடு ஓர் ஏற்பாடு, அதுவும் இல்லையென்றால் கட்டணத்தில் ஒரு பங்கு என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கொழுந்துக்காக ஒரு காலத்தில் கொட்டகை போட்டார்கள். கணினி முன் உட்காரும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஓர் அறை கேட்பது அதிகமில்லை.