பொதுப் பொக்கிஷத்தின் சாவி

தனியொரு நாட்டின் வரவு செலவுத் திட்டம் அந்நாட்டுப் பார்லிமெண்டின் இசைவின்றி நிறைவேறாது. பல நாடுகள் கூடி ஒரு பொதுப் பொக்கிஷம் வைத்துக்கொள்ளுமாயின், அதன் சாவி எவர் கையில் இருத்தல் தகும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் இவ்வினாவிற்கு இன்னும் பாதி விடையே கண்டுள்ளன என்பது எம் துணிபு.

ஆண்டுதோறும் வகுக்கப்படும் திட்டத்தை ஒன்றியப் பார்லிமெண்டும், நாட்டு அமைச்சர்கள் அமரும் கவுன்சிலும் ஒத்த உரிமையுடன் இயற்றுகின்றன. இருதிறத்தாரும் மாறுபடின், சமரசக் குழுவொன்று 21 நாட்களுக்குள் உடன்பாடு காண முயலும். இவ்வுரிமை ஒருநாளில் வந்ததன்று. 1970, 1975 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் சிறிது சிறிதாகக் கிட்டியது. 1979 ஜூனில் மக்கள் நேரே வாக்களித்துத் தெரிந்தெடுத்த முதற் பார்லிமெண்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே 1980-ஆம் ஆண்டுத் திட்டத்தைத் தள்ளிவிட்டது. மக்கள் வாக்கின் வலி எத்துணை விரைவில் தோன்றிற்று!

செலவு முடிந்தபின் கணக்குக் கேட்கும் உரிமை அதனினும் கூரியது. தணிக்கை மன்றத்தின் அறிக்கையை ஆராய்ந்து, செலவிட்ட கமிஷனின் கணக்கை ஏற்றலும் மறுத்தலும் பார்லிமெண்டின் கையில் உள்ளன. 1996-ஆம் ஆண்டுக் கணக்கை ஏற்க 1998 டிசம்பரில் அது மறுத்தது. பின்னர்ச் சார்பற்ற அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்ட 1999 மார்ச்சு மாதத்து இரவிலேயே, ழாக் சான்டேர் தலைமையிலிருந்த கமிஷன் முழுவதும் பதவி துறந்தது.

செலவில் இங்ஙனம் வன்மையுடைய மன்றம், வரவில் வாயற்று நிற்கின்றது. வருவாய் மூலங்களைக் கவுன்சில் ஒருமனதாகத் தீர்மானிக்க, நாடுகள் யாவும் தத்தம் முறைப்படி ஒப்புதல் தரவேண்டும். பார்லிமெண்டோ கருத்துரைப்பதோடு அமையும். தமிழில் 'இறை' என்னும் சொல் அரசனையும் குறிக்கும், வரியையும் குறிக்கும். அவ்விரண்டும் பிரியாதன என்பதை நம் முன்னோர் ஒரு சொல்லிலேயே அடக்கினர் போலும்!

ஏழாண்டுப் பெருந்திட்டத்தின் நிலையோ விந்தையானது. அதற்குப் பார்லிமெண்டின் இசைவு வேண்டும். ஆயினும் கொள்ளல், தள்ளல் என்னும் இரண்டன்றித் தானே திருத்தும் உரிமை அதற்கில்லை. கவுன்சிலிலோ 27 நாடுகளும் ஒருமித்தல் வேண்டும். இதன் விளைவை 2020 நவம்பரில் உலகம் கண்டது. சட்டத்தின் ஆட்சியை மதியாத நாட்டிற்குப் பொதுப்பணத்தை நிறுத்தலாம் என்னும் விதியைப் பெரும்பான்மையோர் நிறைவேற்ற முற்பட்டனர். அவ்விதியைத் தடுக்கும் வலி ஹங்கேரிக்கும் போலந்துக்கும் இல்லை. ஆகலின், ஒருமனம் வேண்டப்பட்ட 1,07,400 கோடி யூரோத் திட்டத்தையே பற்றி நிறுத்தினர்! டிசம்பரிற்றான் உடன்பாடு ஏற்பட்டது. 2023 டிசம்பரிலும் உக்ரைனுக்குரிய 5,000 கோடி யூரோ உதவியை ஹங்கேரி ஒன்றே தடுத்தது. 2024 பிப்ரவரி 1-ஆம் நாளில்தான் அத்தடை நீங்கிற்று.

ஒருமன விதி சிறு நாடுகளுக்குக் காவல் என்பர் சிலர். அவ்வச்சத்தை யாம் இகழோம். மால்ட்டா போன்ற நாட்டிற்கு அது மெய்யானதே. எனினும் தகுதிப் பெரும்பான்மைக்கு 15 நாடுகளும், மக்கள் தொகையில் நூற்றுக்கு 65 பங்கும் ஒருங்கே வேண்டும். சில பெருநாடுகள் தனித்து நின்று அதனைப் பெறல் இயலாது. சிறியோர்க்கு இக்காவல் போதும். அடம்பிடிப்போர்க்கு மட்டுமே போதாது. பெருந்திட்டத்தை இம்முறையால் முடிக்கலாம் என அரசுத் தலைவர்கள் தீர்மானிக்க உடன்படிக்கையே வழி திறந்துள்ளது. அத்தீர்மானத்தையும் ஒருமனதாகவே செய்தல் வேண்டுமாம்! பூட்டினுள்ளேயே சாவியை வைத்தவர் திறமையை என்னென்பது?

2028 முதல் 2034 வரைக்குரிய திட்டத்தை, ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ அளவில், 2025 ஜூலையில் கமிஷன் முன்வைத்தது. அதற்கு இசைவு தருமுன், வருவாய்த் தீர்மானத்திலும் தனக்குப் பங்கு வேண்டும் எனப் பார்லிமெண்டு வற்புறுத்தல் வேண்டும். கையிலுள்ள ஒரே கருவி அவ்விசைவுதான். அதனை விலைபேசாது கொடுத்துவிட்டால், அடுத்து உறழ்ந்து கேட்க ஏழாண்டு காத்திருக்க நேரும்.