அஞ்சடிக்குக் கண்ணாடி எதற்கு?

சில மாதங்களுக்கு முன் மகன் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வீட்டின் முன்புறத்தை மூன்று பக்கமும் கண்ணாடியால் அடைத்து, வெளிச்சம் வரும் கூரை போட்ட அறை. வெயில் அறை என்று பெயர். பாட்டிக்குச் சாரல் அடிக்காது, கொசு வராது, புகைமூட்டக் காலத்தில் சாத்திக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. 81 வயது அம்மா ஒன்றும் பேசவில்லை. நான்தான் தலையாட்டிவிட்டேன்.

இரவு படுத்தபின்தான் யோசனை வந்தது. அந்த அறை குளிர்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது. அங்கே வெயில் கிடைப்பதே அரிது. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை மட்டும் உட்கார ஒரு வகை, பனிக்காலத்திலும் உட்கார இன்னொரு வகை என்று பார்த்து வாங்குகிறார்கள். நமக்கோ காலையில் வெயில், மாலையில் இடிமழை. இரண்டு பருவமும் ஒரே நாளில் வந்துபோகும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடான தரையும் சுவரும் விடும் வெப்பத்தை வெளியே விடாது. பூட்டிய காரை வெயிலில் நிறுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு சிரம்பான் பக்கத்துத் தாமான் ஒன்றில், மேற்குப் பார்த்தது. நம் கடிகாரத்தில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதில்லை, ஒன்றேகால் வாக்கில்தான். அதனால் மாலை ஐந்துக்கும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில்தான் அம்மா வாசலில் உட்காருவார்.

தோட்டத்து லயத்தில் நாங்கள் வளர்ந்ததே அஞ்சடியில்தான். பால்மரம் சீவி வந்தவர்கள் காலை நீட்டியதும், பிள்ளைகள் பாடம் படித்ததும், ஊர்வம்பு பேசியதும் அங்கேதான். தகரக்கூரை கொதித்தாலும் திறந்த பக்கமாகக் காற்று வந்துபோகும். அப்பா தம் சொந்தக் காசில் பலகையும் தகரமும் வாங்கி எங்கள் அஞ்சடியை ஆறடி நீட்டியிருந்தார். தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு கம்பெனியுடையது, அப்பா நீட்டிய ஆறடிக்கு ஒரு காசும் வரவில்லை. அவரே ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். பலகைகளில் செய்த பெஞ்சு இன்றும் எங்கள் வாசலில் கிடக்கிறது.

மறுநாள் அம்மாவையே கேட்டேன். "உள்ள உக்காரணும்னா ஹால் இருக்கேய்யா. பக்கத்து வீட்டு மக்சிக் கிண்ணத்துல பூபோர் நீட்டுனா கண்ணாடிக்குள்ளயா வாங்குறது?" என்றார்.

கண்ணாடியை விட்டுக் கூரை மட்டும் என்று முடிவானது. அதிலும் தெரிந்துகொண்டது நிறைய. பாலிகார்பனேட் தகடு வாங்கினால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சீக்கிரமே மஞ்சளித்து வெடிக்கும். வெறும் உலோகத் தகடு மழையில் பேச்சையே கேட்கவிடாது. அடியில் நுரை ஒட்டிய தகடு சூட்டையும் சத்தத்தையும் குறைக்கும். நாங்கள் அதைத்தான் எடுத்தோம், ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை ஒளி புகும் தகடு. ஹால் ஜன்னலுக்கு மேலே நன்றாக உயர்த்திப் போடச் சொன்னேன். இல்லையென்றால் ஹாலின் வெக்கை வெளியேற வழியிருக்காது. மாலை வெயிலுக்கு மூங்கில் திரை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மேற்கு வாசலைத்தான் முதலில் பிடிக்கும். தூண்களை வெறும் தரையில் திருகாமல் அடித்தளம் போட்டு நிறுத்த வேண்டும். மழைநீர்த் தாழ்வாரத்தில் இலை அடைத்தால் ஏடிஸ் கொசு குடிவரும். ஏணி எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

குத்தகையாளர் ஒருவர், "பெர்மிட் எதுக்கண்ணே? எல்லாரும் சும்மாதான் போடுறாங்க" என்றார். சும்மா போட முடியாது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கும் ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதமும் கேட்கப்படலாம். முன்புறத்தை அடைத்து அறையாக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள் குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னல் கேட்கின்றன; 5 விழுக்காட்டளவு தடையில்லாமல் காற்று வரத் திறக்க வேண்டும். வாசலை மூடினால் ஹாலின் ஜன்னல் இன்னொரு அறைக்குள் திறக்கும். புது அறைக்காகப் பழைய அறை மூச்சுமுட்டும்.

அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் மகன் அலுத்துக்கொண்டான். கூரை ஏறிய அன்று மாலையே நல்ல மழை. அம்மா பெஞ்சில் நனையாமல் உட்கார்ந்து, குடையோடு போகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இதை யாரும் பிரிக்கச் சொல்லமாட்டாங்கல்ல?"

அனுமதிக் கடிதத்தை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, முத்திரை எங்கே என்று கேட்டு, பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கூரை போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தகட்டின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தத் தாளை வாங்குங்கள். எங்கே உட்காரப் போகிறோம் என்று, உட்காரப் போகிறவரையே கேளுங்கள்.